ரெண்டு கப், பத்து ஃபைனல் தோல்வி: தமிழ்நாடு ரஞ்சி டீமோட கதை

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஐபிஎல் பத்தித்தான். மஞ்சள் ஜெர்சி பத்திப் பேச இங்க நிறைய பேர் இருக்காங்க. அதனால இந்தத் தடவை அதே சேப்பாக்கத்துல, அதைவிட ரொம்ப நாளா ஆடிக்கிட்டிருக்கிற இன்னொரு டீமைப் பத்திப் பேசப் போறோம். நம்ம மாநில டீம். ரஞ்சி டிராஃபி ஆடுற தமிழ்நாடு.

ரெண்டு கேள்வி கேட்டுக்கிட்டு உள்ளே போகலாம். ஒண்ணு: 12 தடவை ஃபைனல் போன டீம் ஏன் 2 தடவைதான் ஜெயிச்சது? இன்னொண்ணு: இது யாரோட டீம்? இந்த ரெண்டாவது கேள்விக்கும் முதல் கேள்விக்கும் சம்பந்தம் இருக்குன்னு பல பேர் சொல்றாங்க. இருக்கான்னு பார்ப்போம்.

1934 நவம்பர் 4. ரஞ்சி டிராஃபியோட முதல் மேட்ச் நடந்தது நம்ம சேப்பாக்கத்துலதான். மெட்ராஸ், மைசூர் ரெண்டு டீமும் மோதின. முதல் பந்தைப் போட்டவர் எம்.ஜே.கோபாலன். கிரிக்கெட், ஹாக்கி ரெண்டுலயும் இந்தியாவுக்கு ஆடினவர். 1936ல ஹாக்கி டீமோட பெர்லின் ஒலிம்பிக்ஸ் போறதா, கிரிக்கெட் டீமோட இங்கிலாந்து போறதான்னு வந்தப்போ, கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி டீம் தங்கத்தோட திரும்பி வந்தது.

அந்த முதல் மேட்ச் ஒரே நாள்ல முடிஞ்சு போச்சு. மைசூர் 48க்கு ஆல் அவுட். மெட்ராஸ் 130. மைசூர் மறுபடியும் 59. இன்னிங்ஸ் மற்றும் 23 ரன்ல நமக்கு வெற்றி. மேட்ச்ல 11 விக்கெட் எடுத்தவர் ஏ.ஜி.ராம்சிங். இடதுகை ஸ்பின்னர்.

இந்தப் பேர்ல இருக்கிற இனிஷியலைக் கவனிங்க. ஏ.ஜி.ன்னா அமிர்தசரஸ் கோவிந்த்சிங். நம்ம ஊர்ல ஊர்ப்பேரையும் அப்பா பேரையும் முன்னால போட்டுக்கிற வழக்கம் அப்படியே ஒரு சீக்கியக் குடும்பத்துக்குள்ள போயிருக்கு. அமிர்தசரஸ்ல பிறந்து மெட்ராஸ்ல வளர்ந்தவர், மெட்ராஸ்காரங்க மாதிரியே பேர் எழுதினார். அவரோட பையன்கள் கிருபால் சிங், மில்கா சிங் ரெண்டு பேரும் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினாங்க. கிருபால் 1955ல நியூசிலாந்துக்கு எதிரா ஆடின முதல் டெஸ்ட்லயே சதம் அடிச்சார். பேரன் அர்ஜன் கிருபால் சிங் 1989 ஜனவரியில கோவாவுக்கு எதிரா 302 நாட் அவுட். அதே இன்னிங்ஸ்ல டபிள்யூ.வி.ராமன் 313. ஒரே இன்னிங்ஸ்ல ரெண்டு முச்சதம்! டீம் ஸ்கோர் 6 விக்கெட்டுக்கு 912, டிக்ளேர்.

அதாவது, இந்த டீமோட முதல் ஹீரோவே "வெளியூர்க்காரர்". இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

இப்போ கோப்பைகள். முதல் கப் 1954-55ல. கேப்டன் பாலு அழகண்ணன். ஃபைனல் இந்தூர்ல, ஹோல்கர் டீமோட சொந்த மண்ணுல. அந்த ஹோல்கர் சாதாரண டீம் இல்லை. அதுக்கு முந்தின பத்து வருஷத்துல 4 தடவை கப் ஜெயிச்சிருந்த டீம். அவங்க பக்கம் ஆடினவர் முஷ்டாக் அலி. இன்னைக்கு நம்ம உள்ளூர் டி20 கோப்பைக்கு இருக்கிறது அவர் பேர்தான். மெட்ராஸ் 478, 311. ஹோல்கர் 417, 326. 46 ரன்ல ஜெயிச்சோம். இந்த நாலு ஸ்கோரையும் பார்த்தாலே தெரியும், கடைசி வரைக்கும் யார் பக்கம் வேணும்னாலும் போயிருக்கக்கூடிய மேட்ச்.

ரெண்டாவது கப்புக்கு 33 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுக்குள்ள மாநிலத்தோட பேரே 1969ல தமிழ்நாடுன்னு மாறிடுச்சு, அடுத்து டீம் பேரும் மாறிச்சு. 1987-88, எஸ்.வாசுதேவன் கேப்டன், சேப்பாக்கத்துல ரயில்வேஸுக்கு எதிரா ஃபைனல். நாம அடிச்சது 709. ஜெயிச்சது இன்னிங்ஸ் மற்றும் 144 ரன்ல. அந்த டீம்ல முக்கியமான ஆல்ரவுண்டர் யாரு? ராபின் சிங். டிரினிடாட்ல பிறந்து, மெட்ராஸுக்குப் படிக்க வந்து, இங்கேயே தங்கிட்டவர்.

அவ்வளவுதான். 1988க்கு அப்புறம் ரஞ்சி கப் சென்னைக்கு வரலை. நான் பிறக்கிறதுக்கு முன்னாடி நடந்த கதை அது. என் வயசுல இருக்கிற எந்தத் தமிழ்நாடு ரசிகனும் அதைப் பார்த்ததே இல்லை.

தோத்த பத்து ஃபைனலையும் ஒரு ஷீட்ல போட்டுப் பார்த்தேன். தொழில் பழக்கம், வேற என்ன. 1935-36, 1940-41, 1967-68, 1972-73, 1991-92, 1995-96, 2002-03, 2003-04, 2011-12, 2014-15. யார்கிட்ட தோத்தோம்னு பிரிச்சா, பம்பாய்கிட்ட 5, கர்நாடகாகிட்ட 2, மகாராஷ்டிரா, டெல்லி, ராஜஸ்தான்கிட்ட தலா 1. இது எல்லாரும் எதிர்பார்க்கிறதுதான். பம்பாய் எல்லாரையும்தான் ஜெயிச்சாங்க. அடுத்த காலம்தான் சுவாரஸ்யம்: எங்க தோத்தோம்? பத்துல 5 ஃபைனல் சேப்பாக்கத்துல. பாதித் தோல்வி நம்ம வீட்டுக்குள்ளயே.

அதுல 1972-73 ஃபைனலைத் தனியா எடுத்துப் பேசணும். நம்ம கிட்ட வெங்கட்ராகவன், வி.வி.குமார். ஒருத்தர் ஆஃப் ஸ்பின், ஒருத்தர் லெக் ஸ்பின். ரஞ்சியில வெங்கட் 500 விக்கெட்டுக்கு மேல, குமார் 400க்கு மேல. அப்படி ஒரு ஜோடி இருக்கும்போது பந்து திரும்புற பிட்ச்தான் வேணும்னு யாருக்கும் தோணும். பிட்ச் திரும்பிச்சு. பம்பாய் 151, 113. ஆனா அவங்ககிட்ட பத்மாகர் ஷிவல்கர் இருந்தார். முதல் இன்னிங்ஸ்ல 16 ரன் கொடுத்து 8 விக்கெட், ரெண்டாவதுல 18 ரன் கொடுத்து 5. நாம 80, 61. அஞ்சு நாள் ஃபைனல், மூணாவது நாள் முதல் பந்துல முடிஞ்சு போச்சு. 123 ரன்ல தோல்வி. இந்த ஷிவல்கர் இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட் கூட ஆடலைங்கிறது தனி சோகம்.

எனக்கு இது ஒரே ஒரு மேட்ச் கதையாத் தெரியலை. ஒரு பழக்கத்தோட கதை. நம்ம பலம் ஸ்பின், அதனால ஸ்பின் பிட்ச். ஸ்பின் பிட்ச் இருக்கிறதால இன்னும் ஸ்பின்னர்கள். வேகப்பந்துக்கு இடமே கிடைக்காது. இத்தனைக்கும் 1987ல டென்னிஸ் லில்லியைக் கூட்டிட்டு வந்து எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சது இதே சென்னையிலதான். நாட்டுக்கே பவுலர்களை அனுப்பின பட்டறை. ஆனா நம்ம டீமுக்கு அந்த மாதிரி ஒரு வேகப்பந்து வரிசை நிலைச்சு நின்னதே இல்லை.

அடுத்து, முதல் இன்னிங்ஸ் லீட். ரஞ்சி நாக் அவுட்ல மேட்ச் டிரா ஆனா, முதல் இன்னிங்ஸ்ல அதிகம் அடிச்சவங்களுக்குத்தான் வெற்றி. 1995-96ல கர்நாடகா சேப்பாக்கத்துல 620 அடிச்சாங்க. கதை அங்கேயே முடிஞ்சது. 2011-12ல ராஜஸ்தான் அதே சேப்பாக்கத்துல 621. வினீத் சக்சேனா 257. நாம 295. மிச்ச நாள் எல்லாம் சம்பிரதாயம். 2014-15ல வான்கடேல கர்நாடகாவோட ஃபைனல்: நாம 134 ஆல் அவுட், அவங்க 762, கருண் நாயர் மட்டும் 328. தினேஷ் கார்த்திக்கும் விஜய் சங்கரும் ரெண்டாவது இன்னிங்ஸ்ல சதம் அடிச்சும் இன்னிங்ஸ் மற்றும் 217 ரன்ல தோல்வி. நல்ல பிட்ச்ல ரெண்டு நாள் நின்னு ஆடுற டீமை அவுட் பண்ண நம்மகிட்ட ஆயுதம் இல்லை.

சமீபத்துக்கு வருவோம். 2023-24ல சாய் கிஷோர் கேப்டன். அந்த சீசன்ல 53 விக்கெட், போட்டியிலேயே அதிகம். கோயம்புத்தூர்ல சௌராஷ்டிராவை இன்னிங்ஸ் வித்தியாசத்துல ஜெயிச்சு செமிஃபைனல் போனாங்க. அது மும்பையில. டாஸ் ஜெயிச்சு பேட்டிங். 146 ஆல் அவுட். ஆனாலும் மும்பையை 7 விக்கெட்டுக்கு 106ல நிறுத்தினாங்க! அங்கிருந்து ஷர்துல் தாக்கூர் 109 அடிச்சு, ஸ்கோர் 378 போயிடுச்சு. இன்னிங்ஸ் மற்றும் 70 ரன்ல தோல்வி. முதல் நாள் காலை 9 மணிக்கே, அதாவது டாஸ்லயே, மேட்ச் போச்சுங்கிற மாதிரி கோச் சுலக்ஷன் குல்கர்னி வெளிப்படையாப் பேசினார். கேப்டனை இப்படி விட்டுக்கொடுக்கலாமான்னு தினேஷ் கார்த்திக் கோபப்பட்டார். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. எனக்கு முக்கியம் வேற: புல் இருக்கிற பிட்ச்ல பந்து போடணும்னு உடனே ஆசைப்படுற டீமா நாம வளரலையே, அதுதான்.

2024-25 காலிறுதி, நாக்பூர்ல விதர்பா. 198 ரன்ல தோல்வி. முதல் இன்னிங்ஸ்ல 122 அடிச்சவர் யார் தெரியுமா? கருண் நாயர். பத்து வருஷம் கழிச்சு, வேற ஜெர்சியில, அதே ஆள்.

இந்த "வேற ஜெர்சி"தான் நம்ம ரெண்டாவது கேள்வி.

அயர்லாந்துல கேலிக் ஃபுட்பால்னு ஒரு விளையாட்டு இருக்கு. அங்க ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு டீம். சம்பளம் கிடையாது. பொதுவா எந்த மண்ணுல வளர்ந்தியோ அந்த மண்ணுக்குத்தான் ஆடணும். அதுல மேயோன்னு ஒரு கவுண்டி. கடைசியா கப் ஜெயிச்சது 1951ல. 1989ல இருந்து 2021 வரைக்கும் 11 ஃபைனல் தோத்திருக்காங்க. நம்மளவிட மோசம்! ஆனா அவங்க வெளியாளைக் கூட்டிட்டு வந்து சரி பண்ண முடியாது. விளையாட்டோட உயிரே அந்த விதிதான்.

ரஞ்சி அப்படி இல்லை. இங்க ஆள் மாறுவாங்க. நம்மளை 2011-12ல ஜெயிச்ச ராஜஸ்தானோட கேப்டன் மகாராஷ்டிராவில இருந்து வந்த ரிஷிகேஷ் கனித்கர். கருண் நாயர் ஆடின விதர்பாதான் 2024-25ல சாம்பியன். நம்ம பாபா அபராஜித் கேரளாவுக்கு ஆடப் போனார், விஜய் சங்கர் திரிபுராவுக்குப் போனார். இந்தப் பக்கம் கேரளாவில இருந்து சந்தீப் வாரியர் நம்மகிட்ட வந்தார்.

சென்னை லீக்ல கம்பெனி டீம்கள் வெளிமாநில ஆட்டக்காரங்களைக் கொண்டு வர்றதைப் பத்தி ரொம்ப நாளா ஒரு புகார் உண்டு: உள்ளூர்ப் பையன் இடம் போகுதுன்னு. அந்தக் கோபத்தை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். தாம்பரத்துல இருந்தோ கேளம்பாக்கத்துல இருந்தோ கிட் பேக்கைத் தூக்கிக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி காலை பிராக்டிஸுக்குப் போற பையனுக்கு ஒரு இடம்ங்கிறது பெரிய விஷயம். அவன் அப்பா அம்மா போட்ட காசு, அவன் விட்ட கிளாஸ், எல்லாம் அதுல இருக்கு.

ஆனா கணக்கு வேற சொல்லுது. வெளியாட்கள் வந்ததால நாம தோத்தோம்ங்கிறதுக்கு அந்த ஷீட்ல ஒரு வரி கூட ஆதாரம் இல்லை. நம்ம முதல் வெற்றியும் கடைசிக் கோப்பையும் வந்தவங்க கையையும் சேர்த்துத்தான் கிடைச்சது. உள்ளூர்ப் பையனுக்கு உண்மையில இடம் திறந்தது வேற வழியில: கிரிக்கெட் சென்னையை விட்டு வெளியே போனப்போ. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில இருந்து நடராஜன் வந்தார். கோயம்புத்தூர்ல இருந்து ஜெகதீசன் வந்தார், 2022ல அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிரா ஒருநாள் மேட்ச்ல 277 அடிச்சார். நத்தம், கோயம்புத்தூர்னு ரஞ்சி மேட்சே ஊர் ஊராப் போக ஆரம்பிச்சிருக்கு.

இப்போ இருக்கிற டீமைப் பாருங்க. ஸ்பின்னுக்கு சாய் கிஷோர், அஜித் ராம். பேட்டிங்ல ஜெகதீசன், இந்திரஜித், பிரதோஷ் ரஞ்சன் பால், ஷாருக் கான். 2024-25ல அறிமுகமான ஆந்த்ரே சித்தார்த்; இவரோட மாமா எஸ்.சரத், 100 ரஞ்சி மேட்சுக்கு மேல ஆடியும் இந்தியா தொப்பி கிடைக்காதவர். சாய் சுதர்சனும் வாஷிங்டன் சுந்தரும் எப்போதாவதுதான் கிடைப்பாங்க. 2024ல டெல்லிக்கு எதிரா சாய் 213, வாஷிங்டன் 152. அடுத்த வாரமே வாஷிங்டன் புனே டெஸ்ட்ல இந்தியாவுக்காக 11 விக்கெட் எடுத்துக்கிட்டிருந்தார். நல்ல மாநில டீமோட வரமும் சாபமும் இதுதான். சின்ன ஃபார்மட்ல நமக்குக் கவலையே இல்லை: சையத் முஷ்டாக் அலி கோப்பை 3 தடவை, விஜய் ஹசாரே 5 தடவை, அதுல ஒண்ணு பகிர்ந்துக்கிட்டது. திறமை இருக்கு. நாலு நாள், அஞ்சு நாள் ஆட்டத்துல 20 விக்கெட் எடுக்கிற வேகம்தான் வேணும்.

அதனாலதான் 2024 அக்டோபர் எனக்கு முக்கியமா படுது. கோயம்புத்தூர், சௌராஷ்டிரா மேட்ச். முதல் ரஞ்சி மேட்ச் ஆடுற ஒரு உயரமான இடதுகை வேகப்பந்து வீச்சாளர், ரெண்டாவது இன்னிங்ஸ்ல 22 ரன் கொடுத்து 6 விக்கெட். புஜாரா டக் அவுட். பேர் குர்ஜப்னீத் சிங். வடக்கே இருந்து கிளம்பி வந்து, சென்னை லீக் வழியா டீமுக்குள்ள நுழைஞ்சவர். ராம்சிங் சேப்பாக்கத்துல 11 விக்கெட் எடுத்து 90 வருஷம் ஆகப் போற நேரம் அது.

நான் இருக்கிற நாவலூர்ல ஒரு அபார்ட்மெண்ட் பிளாக்குல எட்டு மாநிலத்துக்காரங்க இருப்பாங்க. சாயங்காலம் பார்க்கிங்ல டென்னிஸ் பால் ஆடுற பசங்கள்ல பாதிப் பேர் வீட்டுல தமிழ் கிடையாது, ஆனா அவுட்டான்னு சண்டை போடுறது தமிழ்லதான். இவங்கள்ல ஒருத்தன் ஒருநாள் தமிழ்நாடு தொப்பி போட்டா, "வெளியூர்"னு சொல்லப் போறோமா? அமிர்தசரஸை இனிஷியலா வெச்சிருந்த ஒருத்தர் தொடங்கி வெச்ச டீம் இது.

ரஞ்சி மேட்சுக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது. சேப்பாக்கத்துல அடுத்த மேட்ச் நடக்கும்போது ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போய் உட்காருங்க. ஃபீல்டர் பேசுறது கூட கேட்கும்.