இறப்பைச் சுட்டும் ஓர் இரவற்சொல்: சுவீடியமும் ஐஸ்லாந்தியமும்

இறப்பு யாவர்க்கும் பொதுவெனினும், அதனைச் சுட்டும் சொற்கள் யாவர்க்கும் பொதுவானவையல்ல. சுவீடியத்தில் 'டோ', ஐஸ்லாந்தியத்தில் 'டேய்யா' என்பன பொதுவழக்கு; முறையே 'ஆவ்லீடா', 'ஆந்தாஸ்த்' என்பன உயர்வழக்கு. இவற்றின் கீழ்ப்படியில், இருமொழிப் பேச்சிலும் 'கிரெப்பேரா' என்னும் இரவல் வினையொன்று வழங்குகின்றது.

இதன் வேர் இலத்தீன் 'கிரெப்பாரே'. ஓசையுடன் வெடித்தல் என்பது பொருள். இத்தாலியத்தில் இது சாதலையும் குறிக்கும் இழிவழக்காயிற்று. முப்பதாண்டுப் போர்க் காலத்தில் (1618–1648) படைவீரர் பேச்சினூடாக ஜேர்மன் மொழியிற் புகுந்து 'கிரெப்பீரன்' ஆயிற்று. குண்டு வெடிப்பதற்கும், விலங்கு சாவதற்கும், நாதியற்ற மனிதன் சாவதற்கும் அங்கு ஒரே வினை வழங்கியமை நோக்கற்பாலது. சுவீடியமோ குண்டுக்குக் 'கிரெவேரா' எனவும் சாவுக்குக் 'கிரெப்பேரா' எனவும் இரண்டாகப் பிரித்துக்கொண்டது.

சொல்லின் பிறப்பை அறிவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. சுவீடன் 1630இல் அப்போரில் நேரடியாக இறங்கியது. 1632இல் லுட்சன் களத்தில் வீழ்ந்த மன்னர் குஸ்தாவ் அடோல்ப் வீரநாயகராகப் போற்றப்படுகிறார். ஆனால் வட சுவீடனின் பிக்டெயோ என்னும் சிறு பங்கிலிருந்து 1621க்கும் 1639க்குமிடையில் போலந்துக்கும் ஜேர்மனிக்கும் அனுப்பப்பட்ட இளைஞர் 230 பேருள் 215 பேர் அங்கேயே மாண்டனர். ஐவர் ஊனமுற்று மீண்டனர். அக்காலப் படைகளில் வாளினும் நோயே மிகுதியாகக் கொன்றது. இச்சொல்லை அவ்விளைஞரே கொணர்ந்தனர் என்பதன்று எமது வாதம். உழைப்போர் மகனின் உயிர் அரசுக்கு வெடிமருந்தைப் போன்றதொரு செலவுப்பொருளாகிய சூழலிலேயே இத்தகைய சொல் பொருள்பெற்றது என்பதேயாம்.

ஐஸ்லாந்தின் நிலை வேறு. அது டேனிய முடியின்கீழ் இருந்தது; 1602 முதல் 1787 வரை அதன் வணிகம் டேனிய அரசின் தனியுரிமைக்கு உட்பட்டிருந்தது. ஐரோப்பியச் சொற்கள் பல, ஆட்சியாளரும் வணிகரும் பேசிய டேனியத்தின் வழியாகவே அத்தீவை அடைந்தன. 'கிரெப்பேரா'வுக்கு நிகரான வினை டேனியத்திலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுத் தேசிய இயக்கத்தோடு வலுப்பெற்ற மொழித்தூய்மைவாதம் எழுத்துவழக்கிலிருந்து இரவற்சொற்களைக் களைய முயன்றது. அது காலனித்துவ எதிர்ப்பு என்ற அளவில் முற்போக்கானதே. எனினும் மக்களின் பேச்சு முழுவதும் அதன் ஆணைக்குள் அடங்கவில்லை.

அகராதிகள் இத்தகைய சொற்களுக்குப் 'பேச்சுவழக்கு' எனக் குறிப்பிட்டு அப்பாற் செல்கின்றன. அக்குறிப்பு ஒரு வர்க்க எல்லையையும் சுட்டுகின்றது. மன்னரின் இறப்பைச் சொல்ல இவ்வினை பயன்பட்டதில்லை. பெயர் பொறிக்கப்படாதோரின் சாவைச் சொல்லவே பயன்பட்டது. ஆதலின் மொழிவரலாறு எழுதுவோர் கொச்சையென ஒதுக்கப்பட்டவற்றையும் வரலாற்று ஆவணமாகக் கொள்ளுதல் அவசியமாகும்.