சுட்டுக் கொன்றார்கள், பிறகு அவர்கள் வழியில் ஜெயித்தார்கள்: ரஷ்ய ராணுவச் சிந்தனை உருவான கதை

'ரஷ்யா ஆளையும் பீரங்கியையும் குவிச்சு மோதும், அவ்வளவுதான்.' யுக்ரேன் போர் பற்றிய விவாதங்களில் இதை நீங்கள் கேட்டிருக்கலாம். ஆனால், இன்று அமெரிக்க ராணுவக் கல்லூரிகளில் சொல்லித்தரும் ஒரு முக்கியமான பாடம் 1920களின் மாஸ்கோவில் பிறந்தது.

அதன் பெயர் 'ஆபரேஷனல் ஆர்ட்'. போரின் மொத்தத் திட்டம் ஒரு பக்கம், களத்தில் நடக்கும் தனித்தனிச் சண்டைகள் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு படி இருக்கிறது: பல சண்டைகளை ஒரே இலக்கை நோக்கிக் கோர்ப்பது. இதற்குப் பெயர் வைத்தவர் அலெக்சாண்டர் ஸ்வெச்சின். ஜார் காலத்து ஜெனரல், பிறகு செம்படையில் ஆசிரியர்.

எதிரியை ஒரே அடியில் வீழ்த்த முடியும் என்று எப்போதும் நம்பாதீர்கள், நீண்ட தேய்மானப் போருக்கும் தயாராக இருங்கள் என்பது அவர் வாதம். மிகயில் துகாசெவ்ஸ்கிக்கு இது பிடிக்கவில்லை. டாங்கி, விமானம், பீரங்கி மூன்றையும் சேர்த்து எதிரியின் முன்வரிசையை உடைத்து, பின்னால் வெகு தூரம் பாய வேண்டும் என்றார். இதுதான் 'ஆழ்ந்த தாக்குதல்'. 1936 ராணுவக் கையேட்டிலும் அது இடம்பெற்றது.

அடுத்த ஆண்டே ஸ்டாலினின் களையெடுப்பில் துகாசெவ்ஸ்கி சுட்டுக் கொல்லப்பட்டார். 1938இல் ஸ்வெச்சினும். எதிரெதிர் தரப்பில் நின்ற இருவருக்கும் ஒரே முடிவு!

ஆள் போனாலும் யோசனை போகவில்லை. 1944 ஜூன் 22 அன்று பெலாரூஸில் தொடங்கிய 'ஆபரேஷன் பாக்ரடியோன்' கிட்டத்தட்ட ஆழ்ந்த தாக்குதலின் செய்முறை விளக்கம். ஜூலை 3இல் மின்ஸ்க் செம்படை கையில். ஜெர்மனியின் மத்திய ராணுவக் குழு சிதறிப்போனது. துகாசெவ்ஸ்கி குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொண்டது 1957இல்தான்.

அமெரிக்கா எங்கே வருகிறது? வியட்நாம் தோல்விக்குப் பிறகு சோவியத் நூல்களை உட்கார்ந்து படித்த அந்த ராணுவம், 1982 கையேட்டில் அந்த நடுப்படியைச் சேர்த்துக்கொண்டது. துல்லிய ஆயுதங்களும் உளவுக் கருவிகளும் இணைந்தால் போரே மாறிவிடும் என்ற சோவியத் தளபதி ஒகார்கோவின் கணிப்பையும் பென்டகன் கவனமாகப் படித்தது.

'கெராசிமோவ் கோட்பாடு' என்று கேள்விப்பட்டிருப்பீர்களே? உண்மையில் அப்படி ஒன்று கிடையாது. ரஷ்யத் தளபதி வலேரி கெராசிமோவின் 2013 கட்டுரைக்கு அந்தப் பெயரைச் சூட்டிய பிரிட்டிஷ் ஆய்வாளர் மார்க் கலியோட்டியே 2018இல் மன்னிப்பு கேட்டுவிட்டார். பெயர் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

2022 பிப்ரவரியில் கீயவை வேகமாகப் பிடிக்கும் திட்டத்துடன் நுழைந்த ரஷ்யா, சில வாரங்களில் அங்கிருந்து பின்வாங்கியது. அதன் பிறகு நடப்பது ஸ்வெச்சின் எச்சரித்த தேய்மானப் போர். டிரோன் கண்டுபிடிக்க, நிமிடங்களில் பீரங்கி அடிக்கும் முறையில் ஒகார்கோவின் சாயல். அதை இரு தரப்பும் செய்கின்றன.

2023இல் எதிர்த்தாக்குதல் முட்டி நின்றபோது, யுக்ரேனின் அப்போதைய தலைமைத் தளபதி ஜலூஷ்னி, மாணவராக இருந்தபோது பார்த்த ஒரு புத்தகத்தைத் தேடி எடுக்கச் சொன்னார். அரண்களை உடைப்பது பற்றிய அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஒரு சோவியத் ஜெனரல். வெளியான ஆண்டு 1941.