கூரை நம்முடையது, சூரியத் தகடு நிறுவனத்துடையது: கையெழுத்திடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலாலம்பூர் - “முன்பணம் ஒரு சென்னும் வேண்டாம், மின்கட்டணம் குறையும்” என்று சொல்லிக்கொண்டு தாமான்களில் வீடு வீடாக வருகிறார்கள் சூரிய மின்தகடு விற்பனையாளர்கள். அதில் பொய் இல்லை. ஆனால் முன்பணமில்லாத குத்தகைத் திட்டங்களில் தகடு வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை. நிறுவனம் தன் பொருளை நம் கூரையில் பொருத்தி, பல ஆண்டுகளுக்கு மாத வாடகையோ, உற்பத்தியாகும் யூனிட்டுக்கு ஒரு விலையோ வாங்குகிறது. காலம் முடிந்ததும் தகடு நமக்கு வருமா, கழற்றிக்கொண்டு போவார்களா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.

வீட்டுக்காரர், நிறுவனம், தெனாகா நேஷனல் மூவரும் கையெழுத்திடும் ‘சாரே’ ஒப்பந்தமும் உண்டு. அதில் தவணை மின்கட்டண ரசீதிலேயே சேர்ந்து வரும்.

சிக்கல் பெரும்பாலும் வீட்டை விற்கும்போதுதான் தலைதூக்கும். தோட்டத்தை விட்டு வந்து, சேமநிதிப் பணத்தையும் போட்டு வாங்கிய வரிசை வீட்டை ஒருவர் விற்கப்போகிறார். 20 ஆண்டு ஒப்பந்தத்தில் இன்னும் 12 ஆண்டு பாக்கி என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் எஞ்சிய தவணையை ஏற்கவேண்டும். அவர் மறுத்தால், விற்பவர் மீதியைக் கட்டித் தகட்டைச் சொந்தமாக்க வேண்டும், அல்லது கழற்றும் செலவை ஏற்கவேண்டும். அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்படும் என்ற அட்டவணை ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டும். “அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்ற வாய்ப்பேச்சு போதாது. வீட்டுக்கடன் பாக்கியிருந்தால் வங்கியிடமும், தீ காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது.

நம் குடும்பங்களில் இன்னொன்றும் உண்டு. அப்பா இறந்து ஆண்டுகள் ஆகியும் மின்கணக்கு அவர் பெயரிலேயே இருக்கும். தெனாகாவில் பதிவுபெற்ற கணக்குதாரரே விண்ணப்பிக்க முடியும் என்பதால், முதலில் பெயரை மாற்றவேண்டும்.

கூரை ஒழுகினால் யார் பொறுப்பு? துளையிட்ட இடத்தில் ஒழுகினால் நிறுவனம் சரிசெய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்; எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் சேர்த்து. ஓடு பழசாகி நாமே மாற்றினால், தகட்டைக் கழற்றி மாட்டும் கூலி பெரும்பாலும் நம் தலையில்தான். பழுதுபார்க்க வருபவர்களை உள்ளே விடுவதும், மரக்கிளை நிழல் விழாமல் பார்த்துக்கொள்வதும் வீட்டுக்காரர் கடமையாகவே எழுதப்பட்டிருக்கும். மின்தடை வந்தால், மின்கலம் இல்லாத அமைப்பு தானாகவே நின்றுவிடும். இதை விற்பனையாளர்கள் சொல்வது அபூர்வம்.

சேமிப்புக் கணக்கையும் கவனிக்கவேண்டும். நெம் 3.0 திட்டத்தில், உபரி மின்சாரத்தைக் கட்டணத்தில் கழிக்கும் வசதி 10 ஆண்டுகளுக்கு மட்டுமே. குத்தகை 20 ஆண்டென்றால் பிற்பாதிக்கு அந்த வசதி இல்லை, தவணை மட்டும் தொடரும். 2025-இல் நெம் மூடப்பட்டு, அதன் இடத்தில் வந்திருப்பது ‘சோலார் அதாப்’. (தோட்டத்தில் அத்தாப்புக் கூரையின்கீழ் வளர்ந்தவர்களுக்குப் புதிய சொல் அல்ல.) இதில் பயன்படுத்தாத உபரி அடுத்த மாதத்துக்குச் சேராது. ஆகவே பகலில் ஆளில்லாத வீட்டுக்குப் பெரிய அமைப்பு தேவைதானா என்று யோசிக்க வேண்டும். நம் நாட்டு வெயிலில் 1 கிலோவாட் தகடு மாதத்துக்கு ஏறக்குறைய 100 யூனிட் தரும். விற்பனையாளர் காட்டும் கணக்கை இதோடு ஒப்பிடலாம்.

நிறுவனம் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான சேடாவில் பதிவுபெற்றதா என்று பார்த்த பிறகே பேனாவை எடுங்கள். வீட்டு வாசலில் நடக்கும் நேரடி விற்பனைக்கு 1993-ஆம் ஆண்டுச் சட்டம் 10 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் எழுத்துமூலம் ரத்து செய்யலாம். அதன் பிறகு தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே பதிவு செய்யலாம். சம்பவம் நடந்து 3 ஆண்டுகளுக்குள் போகவேண்டும். ஒப்பந்தப் பிரதி, ரசீதுகள், விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.