பிராம்ப்ட்: கட்டளையா, தூண்டுரையா?

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு நாம் எழுதித் தருவதை ‘பிராம்ப்ட்’ என்கிறோம். தமிழில் அதைக் கட்டளை என்பாரும் உண்டு. தூண்டல், தூண்டுரை என்பாரும் உண்டு. எது பொருந்தும் என்று பார்க்க, சொல்லின் வேர்வரை போகவேண்டும்.

இலத்தீனில் ‘ப்ரோமெரே’ என்றால் உள்ளிருப்பதை வெளியே எடுத்தல். ‘ப்ரோ’ என்பது முன்னே. ‘எமெரே’ என்பது எடுத்தல். உரோமானிய வீடுகளில் சரக்கறையிலிருந்து பண்டங்களை எடுத்துத் தரும் பணியாளருக்கு ‘ப்ரோமுஸ்’ என்று பெயர். வெளியே எடுத்து வைத்தது கைக்குத் தயாராக இருக்கும். அதனால் ‘ப்ரோம்ப்டுஸ்’ என்பதற்குத் ‘தயாரான’ என்ற பொருள் வந்தது. ஆங்கிலத்தில் ‘தாமதமில்லாத’ என்ற பொருள் பிறந்ததும் இப்படித்தான்.

ஆங்கில நாடக மேடையில் இச்சொல் தனித்தொழில் ஒன்றின் பெயரானது. வசனம் மறந்த நடிகருக்கு மறைவில் நின்று சொல்லெடுத்துக் கொடுப்பவர் ‘பிராம்ப்டர்’. முழு வசனத்தையும் அவர் பேசுவதில்லை. தொடக்கத்தைக் கொடுத்தால் மீதி நடிகரிடமிருந்து வந்துவிடும். நாம் இதை ‘அடியெடுத்துக் கொடுத்தல்’ என்போம். சேக்கிழாருக்குத் தில்லைக் கூத்தனே அடியெடுத்துக் கொடுத்தான் என்பது மரபு.

கணினியில் முதலில் பிராம்ப்ட் கொடுத்தது இயந்திரம்தான். 1981இல் வந்த எம்எஸ்-டாஸ் என்ற இயக்குதளத்தின் திரையில் ஓர் எழுத்தும் ஒரு குறியும் தோன்றி நிற்கும். ‘நான் தயார், நீ சொல்’ என்பது அதன் பொருள். அதற்குப் பதிலாக மனிதர் தட்டச்சு செய்ததே கட்டளை. பிராம்ப்ட் வேறு, கட்டளை வேறு என்பது அன்றே தெளிவு.

மொழி மாதிரிகள் வந்தபின் திசை மாறியது; பிராம்ப்ட் கொடுப்பவர் மனிதரானார். 2020இல் ஜிபிடி-3 என்ற மொழி மாதிரி பற்றி ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ஆய்வுரையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: மூன்று ஆங்கிலச் சொற்களுக்குப் பிரெஞ்சுச் சொற்களைத் தந்து, நான்காவதன் எதிரே வெற்றிடம் விடுகிறார்கள். அந்த வெற்றிடத்தை மொழி மாதிரி நிரப்ப வேண்டும். மறுபயிற்சி இல்லை, அடியெடுத்துக் கொடுத்தது மட்டுமே. 2022 ஜனவரியில் கூகுள் ஆய்வாளர்கள், படிப்படியாகத் தீர்த்த கணக்குகளை எடுத்துக்காட்டாகத் தந்தால் விடைகள் மேம்படுவதைக் காட்டினார்கள்.

எம்எஸ்-டாஸில் ஒரே கட்டளை எப்போதும் ஒரே வேலையைச் செய்தது. மொழி மாதிரி, தந்த உரைக்கு அடுத்து வரக்கூடியதைக் கணித்துத் தொடர்கிறது; ஒரே வேண்டுகோளுக்கு இருமுறை இருவேறு விடைகள் வரலாம். ஆகவே ‘உரம் பற்றி எழுது’ என்று ஏவினால் பொதுப்படையான பத்திதான் கிடைக்கும். ‘மாடித்தோட்டம் புதிதாகத் தொடங்குபவருக்கு, சமையலறைக் கழிவில் உரம் தயாரிக்கும் முறையை ஐந்து படிகளில் எழுது, இரசாயனப் பெயர்கள் வேண்டாம்’ என்று கேட்டால் பயன்படும் விடை வரும். யாருக்கு, எதற்கு, எந்த வடிவில், எது கூடாது என்பதையும், முடிந்தால் ஓர் எடுத்துக்காட்டையும் சேர்த்துத் தருவதே நல்ல பிராம்ப்ட்.

தமிழில் ‘தூண்டு’ என்பது விளக்குத் திரியை முன்னே தள்ளுவதையும் குறிக்கும். அதற்கான கருவியே தூண்டுகோல். முன்னே கொண்டுவருதல் என்ற இலத்தீன் வேரின் பொருளும் இதுவே. ஆகவே தூண்டுரையே பொருத்தமான சொல். கட்டளை என்று பெயரிட்டால் ஏவிவிட்டு ஒதுங்கத் தோன்றும். தூண்டுரை என்று பெயரிட்டால் எதை வெளிக்கொணர வேண்டும் என்று யோசித்து எழுதத் தோன்றும். பாடநூல் எழுதுவோரும் மென்பொருளைத் தமிழாக்குவோரும் இச்சொல்லையே நிலைபெறச் செய்யவேண்டும்.