உதவாக்கரைகளும் என் அக்காவும்

எழுபதுகளில் எங்கள் புதுச்சேரியில் ஃபிரெஞ்சில் படித்த பையன்களுக்கு ஒரு சங்கடம். கையில் பிரெவே சான்றிதழ் இருக்கும். ஆபீஸ்களோ ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன. ஆங்கிலமும் டைப்ரைட்டிங்கும் கற்று நான் எல்.டி.சி. ஆனபோது வயது 27. அதுவரை மாலையானால் நண்பர்களோடு கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து கப்பல் எண்ணிக்கொண்டிருப்பேன். அப்போதுதான் ஃபெலினியின் 'இ வித்தெல்லோனி' பார்த்தேன். திரையில் என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

படம் 1953இல் வந்தது. 'வித்தெல்லோனி' என்றால் பெரிய கன்றுக்குட்டிகள்; வளர்ந்தும் பால் மறக்காதவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் இதை 'லே இன்யுதீல்' என்றும் வெளியிட்டார்கள். நம் பாஷையில் உதவாக்கரைகள்.

ஃபெலினி பிறந்தது 1920இல், கடலோர ஊரான ரிமினியில். அவருடைய முந்தைய படம் ஓடவில்லை. அதனால் இந்தப் படத்துக்குப் பணம் போட ஆள் கிடைப்பது சுலபமாக இல்லை. ஆல்பெர்தோ சோர்தி நடிப்பதை விநியோகஸ்தர்கள் விரும்பவில்லை. ஆனாலும் படம் அதே ஆண்டு வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்க விருது வாங்கியது. ரிமினியின் நினைவில் எடுத்த படம்தான், ஆனால் ரிமினியில் எடுக்கவில்லை. ஒஸ்தியா, வித்தெர்போ போன்ற இடங்களில் எடுத்தார்கள்.

கதை ஐந்து பேரைப் பற்றியது. முப்பதை நெருங்கியும் வேலை கிடையாது. மீசை, தாடி, கிருதா என்று வளர்ப்பதில் மட்டும் அக்கறை. ஃபாவுஸ்தோ, மோரால்தோவின் தங்கையைக் கர்ப்பமாக்கிவிட்டு ஊரைவிட்டு ஓடப் பார்க்கிறான். அவன் அப்பா பிடித்துக் கல்யாணம் செய்துவைக்கிறார். அதன் பிறகும் பெண்களைத் துரத்துகிறான். கடைசியில் அப்பா பெல்ட்டால் விளாசுகிறார். பிள்ளை பெற்றவனே அப்பாவிடம் அடி வாங்குகிறான்! இன்னொரு காட்சியில் ஆல்பெர்தோ காரில் போகும்போது சாலை போடும் தொழிலாளிகளைப் பார்த்துக் கையால் கேலி செய்கிறான். கொஞ்சதூரத்தில் கார் நின்றுவிடுகிறது. அவர்கள் துரத்த, இவன் ஓடுகிறான். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது அவன் அக்கா ஓல்காவின் காட்சியில். வீட்டுக்குச் சம்பாதிப்பவள் அவள். அவளிடம் பணம் வாங்கிக்கொண்டே, அவள் யாரோடு பழகலாம் என்று இவன் அதிகாரம் செய்கிறான். கார்னிவல் இரவு முடிந்து, பெண் வேடத்தில், குடிபோதையில் விடியற்காலை வீடு திரும்புகிறான். அக்கா பெட்டியோடு கிளம்பிக்கொண்டிருக்கிறாள். இனி நான் வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்கிறான். ஏதாவது வேலை பார்த்து வைத்திருக்கிறாயா என்று அம்மா கேட்கிறாள். இல்லை என்கிறான். அப்படியே தூங்கிவிடுகிறான்.

எங்கள் வீட்டில் அப்பா போனபின் அக்காதான் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தை நடத்தினாள். அந்தப் படத்துக்கு ஒரு வருஷம் முன்னால் அவளுக்கு நல்ல வரன் வந்தது. அம்மா என்னைக் கேட்டாள், வீட்டு ஆம்பிளை என்று. "இப்ப என்ன அவசரம்?" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும். அவள் ஒன்றும் பேசவில்லை.

படம் முடியும்போது மோரால்தோ மட்டும் ரயிலேறி ஊரைவிட்டுப் போகிறான். ஆண்மகன் என்றால் ரயிலேற வேண்டும் என்று அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தக் கதையில் அவனுக்கு முன்பே துணிந்து கிளம்பியவள் ஓல்காதான்.

நான் ரயிலேறவில்லை. மறுநாளே டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். அதற்கும் அக்காதான் பணம் கட்டினாள். முதல் சம்பளத்தை அவள் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, அதிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்து, "செலவுக்கு வச்சுக்கோ தம்பி" என்று திருப்பித் தந்தாள். அக்காவுக்குக் கல்யாணம் நடந்தபோது வயது 34.