பூச்சிப்பல்லின் கதை

பல் போனால் சொல் போச்சு என்பார்கள் பெரியவர்கள். கடையநல்லூரானாலும் தென்காசியானாலும், குழந்தையின் பல் கறுத்து வலித்தால் "பூச்சி விழுந்துவிட்டது" என்பதுதான் முதல் பேச்சு.

இந்தப் பூச்சி நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. பண்டைய பாபிலோனியரும் பல்லைப் புழு அரிப்பதாகவே நம்பினார்கள். 1728ல் பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபொஷார் தமது நூலில் அதை மறுத்தார். 1890ல் வில்லோபி மில்லர் என்ற அமெரிக்கர் உண்மையான காரணத்தை விளக்கினார். வாயிலுள்ள கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது.

நம்மிடம் அன்று இருந்தவை வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, உமிக்கரி. குச்சி அழுக்கை நீக்கியது. ஆனால் கரியையோ செங்கல் பொடியையோ அழுத்தித் தேய்த்தால் எனாமல் தேய்ந்து பல் கூசும். சொத்தை வந்தால் கிராம்பு, தாங்காவிட்டால் பிடுங்குவது, அவ்வளவுதான் வைத்தியம். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920ல் கல்கத்தாவில் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953ல் வந்தது.

இன்று சிறு சொத்தையை அடைத்துவிடலாம். ஆழமாகப் போனால் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம். காலையும் இரவும் ஃப்ளோரைடு பற்பசையால் துலக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவு பசை போதும்.

"பால் பல்தானே, விழுந்துவிடும்" என்று விட்டுவிடக் கூடாது. பின்னால் முளைக்கும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அந்தப் பால் பல்தான். பூச்சி போய் நூறாண்டு கடந்துவிட்டது. அலட்சியம்தான் இன்னும் போகவில்லை.