வயலில்லா உழவர் திருநாள்

"தை பிறந்தால் வழி பிறக்கும்" என்பது நம் முன்னோர் வாக்கு. கதிர் முற்றி, களத்தில் நெல் குவிந்து, கடன் தீர்ந்து, கலியாணப் பேச்சு எழும் காலம் தை மாதம். ஆகவே அது உழவன் வாயில் பிறந்த வாக்கு. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மலைச் சரிவுகளில் வாழும் நமக்கோ வயல் ஏது? களம் ஏது? நமக்குத் தெரிந்த களம் பிரட்டுக்களம் ஒன்றுதான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை இங்கே பச்சையாக விளைந்து நிற்பது தேயிலை. தையில் அறுத்துவிட்டு மாசியில் ஓய்ந்திருக்கக்கூடிய பயிரும் அல்ல அது. வாரத்துக்கு ஒரு சுற்றாக ஆண்டு முழுவதும் கொழுந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியிருக்க, நாம் உழவர் திருநாளைக் கொண்டாடுவது எதற்காக?

இந்தக் கேள்வியை இன்று நம் வாலிபர்கள் கேட்கிறார்கள். கேட்பது குற்றமன்று, விடை சொல்லாதிருப்பதே குற்றம். விடை சாத்திரப் புத்தகங்களில் இல்லை, நம்முடைய சொந்தச் சரித்திரத்தில் இருக்கிறது. அதைச் சிறிது நோக்குவோம்.

இம்மலைநாட்டுக்கு நம் முன்னோரை முதலில் அழைத்து வந்தது தேயிலை அன்று, கோப்பி. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் வெள்ளைக்காரர் 1824ஆம் ஆண்டையொட்டிக் கோப்பித் தோட்டம் திறந்தார். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளின் ஏழை உழவர்கள் கங்காணிமாரின் பின்னே புறப்பட்டார்கள். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். பசியாலும் பேதி நோயாலும் அவ்வழியில் மாண்டவர்கள் பலர். மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்றவர்கள் அந்தப் பாதையையே மீண்டும் மிதித்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பிப் பழம் பறிப்பது ஆண்டின் கடைசிப் பகுதியில் சில மாத வேலை. மேனாட்டார் இலையுதிர் காலம் என்று கூறுகிறார்களே, ஏறக்குறைய அதுதான் இம்மலைகளின் அறுவடைக் காலமாக இருந்தது. ஆதலால் அக்காலத் தொழிலாளரில் பெரும்பாலோர் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் கூலியை முடிந்துகொண்டு ஊர் திரும்பினர். உழைப்பு இங்கே, ஊர் அங்கே. குலதெய்வமும் பொங்கற் பானையும் ஊரிலேயே இருந்தன. விழாவைக் கடல் கடத்திக் கொண்டுவர வேண்டிய அவசியம் அவர்களுக்கு அவ்வளவாக ஏற்படவில்லை.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் ஒரு நோய் தென்பட்டது. செம்மஞ்சள் பொடி தூவினாற்போன்ற அந்த நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அடியோடு அழித்துவிட்டது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. காடுகள் தேயிலை மலைகளாயின.

தேயிலைக்குப் பருவக் கூலி போதாது. எந்நாளும் கை வேண்டும். அதிலும் கொழுந்தெடுக்கப் பெண்களின் கை வேண்டும். ஆகவே இம்முறை குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக அமைந்த லயங்களில் குடியேறினார்கள். ஊருக்குத் திரும்பும் வழி அரிதாயிற்று. அப்பொழுதுதான் நம் பாட்டன்மார் ஓர் அரிய காரியம் செய்தார்கள். தாங்கள் ஊருக்குப் போக முடியாமற் போகவே, ஊரைத் தம்மிடம் வரவழைத்துக்கொண்டார்கள். மாரியம்மன் வந்தாள், முனியாண்டி வந்தார், தப்பும் உறுமியும் வந்தன, தைப்பொங்கலும் வந்தது.

வந்த விழாவுக்கு இங்கே எவ்வளவு இடையூறு! பொங்குவதற்குப் புத்தரிசி இல்லை. தோட்டம் கொடுத்த அரிசி கப்பலில் வந்த அரிசி. அதன் விலையைச் சம்பளத்திற் பிடித்துக்கொள்வார்கள். கங்காணியிடம் பட்ட கடன் "துண்டு" என்னும் சீட்டாக ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் தொடர்ந்தது; 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்று பங்கீடு வந்தது. கோதுமை மா லயத்துக்குள் நுழைந்தது. ரொட்டியும் சம்பலும் நம் அன்றாட உணவாக வேரூன்றிய காலம் அது. அந்தக் காலத்தில், பங்கீட்டு அரிசியில் ஒரு பிடி ஒதுக்கித் தைத் திங்களுக்கென்று முடிந்து வைப்பது குடும்பத்தாயின் பெரும் பொறுப்பாயிற்று.

காலநிலையும் அனுகூலமாக இல்லை. தை மாதம் நுவரெலியாவில் உறைபனி விழும் மாதம். ஹட்டன், திம்புள்ளைப் பகுதித் தேயிலைக்கு மணமும் குணமும் மிகுவது தை முதல் பங்குனி வரையுள்ள இந்தக் குளிரும் வரட்சியும் கூடிய பருவத்தில்தான். ஆனால் அப்போது கொழுந்து மெல்லத் துளிர்க்கும். கூடை எளிதில் நிறையாது. தஞ்சையில் களம் நிறையும் மாதத்தில் இங்கே கூடை குறைந்திருக்கும். இருந்தும் லயத்து வாசலில் கோலமிட்டு, மூன்று கல் வைத்து, மஞ்சட் கொத்துக் கட்டிய பானையை ஏற்றினார்கள். மலை முகட்டைத் தாண்டிக் கதிரவன் எழும்போது "பொங்கலோ பொங்கல்" என்ற குரல் லயம் முழுவதும் ஒன்றாக எழுந்தது. தட்டில் வைத்த பொங்கல் ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்குப் போயிற்று. அடுத்த வீட்டார் எந்த ஊர், எந்தச் சாமி என்று அந்தத் தட்டுக் கேட்டதில்லை.

பழைய விழாவைக் காத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. புதிய பயிருக்கு ஏற்ற புதிய வழிபாட்டையும் உண்டாக்கினார்கள். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்ட வேண்டும். கூர்மையான கத்தி, வழுக்கும் சரிவு. ஆகவே கவ்வாத்துத் தொடங்குமுன் மலையில் ஒரு கல்லையோ மரத்தையோ இடமாகக் கொண்டு கவ்வாத்துச் சாமிக்குப் படைத்தார்கள். கத்தி காலிற் படலாகாது, வெட்டிய செடி நன்கு துளிர்க்க வேண்டும் என்பதே வேண்டுதல். ஸ்டோரிலே பெரிய சக்கரம் சுழன்றது. சக்கரத்துக்குப் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல் ரோதை. அதன் அருகில் குடியிருந்து காவல் காத்த தெய்வம் ரோதைமுனி. ஏர் பூட்டுமுன் நிலத்தை வணங்கிய மரபே இங்கே கவ்வாத்துக் கத்திக்கும் இயந்திரச் சக்கரத்துக்கும் உரியதாக மாறியது. தம் உழைப்பைத் தெய்வத்தின் முன் வைக்கும் பழக்கம் மாறவில்லை. ஏர் போய்க் கத்தி வந்தது, அவ்வளவே.

மாசி மாதத்துக் காமன் கூத்தும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றி, இரதிக்கும் மன்மதனுக்கும் மணம் செய்து, சிவன் நெற்றிக்கண்ணால் மதன் எரிந்து, பின்னர் உயிர் பெற்றெழும் கதையைத் தோட்டமே கூடி இரவிரவாக ஆடும். எரிந்தது மீண்டும் எழும், வாடியது மீண்டும் துளிர்க்கும் என்பதே அதன் உட்பொருள். கவ்வாத்து வெட்டிய மொட்டைக் குச்சியில் புதுத் துளிரைக் காண்பவனுக்கு இப்பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் "அஞ்ஞானிகளின் சடங்கு" என்று இகழ்ந்த மேனாட்டுப் போதகர்கள் அக்காலத்தில் உண்டு. நம்மில் படித்தவர்கள் சிலரும் அதைக் கேட்டு நாணியதுண்டு. நாண வேண்டியதில்லை. டெயிலர் பிறந்த ஸ்கொத்லாந்திலேயே இலையுதிர் காலத்து அறுவடையின்போது கடைசிக் கதிர்க்கட்டைக் கன்னியென்றும் கிழவியென்றும் பெயரிட்டு அலங்கரித்து வீட்டில் வைத்துக் காக்கும் வழக்கம் இருந்தது. கிறிஸ்து மதத்துக்கு முற்பட்ட வழிபாட்டின் எச்சம் அது என்று அறிஞர் சிலர் எழுதியிருக்கின்றனர். யூத மக்கள் தம் நிலத்தை இழந்து நாடு நாடாகச் சிதறிய பின்னரும் இலையுதிர் காலத்து அறுவடைக்குரிய கூடார விழாவைத் தலைமுறை தலைமுறையாக விடாமற் கொண்டாடி வந்தார்கள். பள்ளத்தாக்குகளில் வாழும் நம் சிங்களச் சகோதரர்களும் புத்தரிசியை முதலில் புத்தருக்குப் படைக்கிறார்கள். துருத்து மாதப் பௌர்ணமியில், அதாவது ஏறக்குறைய நம் தை மாதத்தில், கண்டி தலதா மாளிகையில் புத்தரிசி விழா நடைபெறுகிறது. மண்ணுக்கும் கதிரவனுக்கும் நன்றி சொல்வது எல்லா மக்களுக்கும் பொதுவான அறிவு என்பதை இவை காட்டுகின்றன.

சுதந்திரம் வந்த பின்னர் நமக்கு வந்த சோதனை வேறுவகையானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்மில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறீமாவோ, சாஸ்திரி ஆகிய இரு பிரதமர்களும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஒரு பானையைச் சுற்றி நின்ற குடும்பம் இரண்டு நாடுகளாயிற்று. சென்றவர்களுள் பலருக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. தாய்நாடு திரும்பியும் வயல் கிடைக்கவில்லை, மீண்டும் தேயிலைதான். 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திலும் 1977ஆம் ஆண்டுக் கலவரத்திலும் இம்மலைகளை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றவர்களுள் சிலர் அங்கே காடு வெட்டிக் கழனி கண்டார்கள். நான்கு தலைமுறைக்குப் பின் தன் கையால் விளைத்த நெல்லில் பொங்கியவன் அந்தப் பானையை எப்படிப் பார்த்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள்.

1988ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களின் பின் நாடற்றவர் என்ற பெயர் நம்மை விட்டு நீங்கியது. ஆயினும் காணியற்றவர் என்ற நிலை முற்றாக நீங்கவில்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதிப் பத்திரமும் பெற்ற குடும்பங்கள் சில உண்டு. இன்னும் லயத்து வாசலிலேயே பானை வைக்கும் குடும்பங்கள் பல. நாம் கோலமிடும் மண் நம்முடையதாகும் நாளில்தான் இத்திருநாள் நமக்கு நிறைவு பெறும். இதைக் கோரிக்கை மேடைகளில் மட்டுமன்றிப் பொங்கற் பானையின் முன் நின்றும் நாம் நினைக்க வேண்டும்.

நம் குறைகளையும் மறைத்தலாகாது. தீபாவளிக்கு முற்பணம் வாங்கிப் புத்தாடையிலும் போத்தலிலும் கரைத்துவிட்டு, அடுத்த தீபாவளி வரை சம்பளத்தில் கழித்துக்கொண்டிருக்கும் வீடுகள் இல்லையா? காமன் கூத்தில் இரதியாகவும் மதனாகவும் ஆட இளைஞர் இல்லாமல் கம்பம் ஊன்றாத தோட்டங்கள் இல்லையா? கொழும்பில் வேலை செய்யும் தம்பிமாரும் தங்கைமாரும் பண்டிகைக்கு ரயிலேறி வருகிறார்கள். ஒரு நாள் இருந்து, கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. முன்னர் கோப்பிக்கு வந்த பாட்டனும் பிழைப்புக்காகத்தான் ஊரை விட்டான். ஆனால் அவன் எதை மறந்தாலும் பானையை மறக்கவில்லை.

ஆகவே வாலிபர்களே, வருகிற தைத்திங்களில் ஒரு சிறிய காரியம் செய்வோம். தங்கள் தங்கள் தோட்டத்தில் வயது முதிர்ந்த பாட்டியிடமும் தாத்தாவிடமும் அமர்ந்து கேட்போம்: எந்த ஊரிலிருந்து வந்தோம், முதற் பானை எந்த லயத்தில் வைத்தோம், கவ்வாத்துச் சாமி எந்தக் கல்லடியில் இருக்கிறது, ரோதைமுனிக்கு எப்போது படைத்தார்கள்? கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைச் சேகரித்துத் தந்தபடியால்தான் அவற்றில் ஒரு பகுதியாவது நம்மிடம் இருக்கிறது. பெரியோர்களே, நீங்களும் கேட்கும் வரை காத்திராமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமற் போனால் அது உங்களோடு போய்விடும்.

இப்போது முதலிற் கேட்ட கேள்விக்கு வருவோம். வயலில்லாதவனுக்கு உழவர் திருநாள் எதற்கு? வயலை இழந்தவன் தான் உழவன் என்பதை மறவாதிருப்பதற்காக. அரிசியும், காம்பராவும், வேலை நாளும் பிறர் கையில் இருந்த காலத்திலும் நன்றி சொல்லும் உரிமையை மட்டும் நம் முன்னோர் எவரிடமும் அடகு வைக்கவில்லை. அந்த உரிமையின் பெயர்தான் மலைநாட்டில் தைப்பொங்கல். அதை நமக்கு வைத்துவிட்டுச் சென்றவர்கள் தேயிலைத் தூருக்கடியில் உறங்குகிறார்கள். அவர்களை நினைந்து பானையை ஏற்றுவோம், பொங்கியதைப் பகிர்ந்துண்போம்.